தொழில் தெரிந்த பெடியனுக்கு யார் காசு தருவது?

ரொறன்ரோ, லண்டன், பாரிஸ், சூரிச், ஒஸ்லோ, மெல்பேர்ண் என்று எங்கே போனாலும் எங்கட ஆட்களுக்கு ஒரு ஊர்ச் சங்கம் இருக்கும், ஒரு பழைய மாணவர் சங்கம் இருக்கும். வருடத்துக்கு ஒரு தரம் இராப்போசன விருந்து நடக்கும். நுழைவுச்சீட்டு விற்ற காசில் ஊரிலே படிக்கிற பிள்ளைகளுக்கு உதவி போகும். நல்ல காரியம், குறை சொல்வதற்கில்லை. ஆனால் அந்த உதவி யாருக்குப் போகிறது என்ற பட்டியலை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் மருத்துவ பீடம், பொறியியல் பீடம், சட்டம், முகாமைத்துவம் என்றுதான் இருக்கும். தொழில்நுட்பக் கல்லூரியில் மின்னியல் படித்த பெடியனையோ, குளிரூட்டி திருத்தப் பழகிய பெட்டையையோ அந்தப் பட்டியலில் காண்பது அரிது.

வெளிநாட்டில் போய்ப் படிப்பது என்ற பேச்சு வந்தால் நிலைமை இன்னும் மோசம். பட்டம் படிக்கப் போகிற பிள்ளைக்கு வங்கி கடன் தரும், அரசு புலமைப்பரிசில் தரும், மாமா லண்டனில் இருந்து காசு அனுப்புவார். ஏற்கெனவே கையில் ஒரு தொழில் இருக்கிறவன், அதே தொழிலை இன்னும் நன்றாகப் படிக்க வெளிநாடு போகவேணும் என்று கேட்டால், "அதுக்கு ஏன் வெளிநாடு?" என்று திருப்பிக் கேட்கிறோம். ஐரோப்பாவும் கனடாவும் அவுஸ்திரேலியாவும் இன்று ஆள் தேடுகிற தொழில்களில் முன்வரிசையில் நிற்பது அவனுடைய தொழில்தான்.

இந்தக் கட்டுரை சொல்ல வருவது ஒன்றே ஒன்று. தொழில் தெரிந்தவர் வெளிநாட்டில் படிக்கக் காசு உலகத்தில் இருக்கிறது. அந்தக் காசு ஒரு இடத்தில் மட்டும் வந்து நின்றுவிடுகிறது. அந்த இடைவெளியை நிரப்பக்கூடியவர்கள் நாங்கள்.

கொழும்பில் தொடங்கிய கதை

தொழில்நுட்பம் தெரிந்தவர்களை அரசு செலவில் வெளிநாட்டுக்கு அனுப்பிப் படிப்பிக்கிற யோசனை புதியது இல்லை. அது எங்கட ஊர்ப் பக்கத்தோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. 1950 ஜனவரியில் பொதுநலவாய வெளிநாட்டு அமைச்சர்கள் கொழும்பில் கூடினார்கள். அந்தக் கூட்டத்தில் இருந்து பிறந்ததுதான் கொழும்புத் திட்டம். 1951 ஜூலையில் அது நடைமுறைக்கு வந்தது. அவுஸ்திரேலியா, பிரித்தானியா, கனடா, இலங்கை, இந்தியா, நியூசிலாந்து, பாகிஸ்தான் ஆகிய ஏழு நாடுகளும் அதைத் தொடங்கியவை.

கொழும்புத் திட்டத்தில் அவுஸ்திரேலியா போய்ப் படித்தவர்களைப் பற்றிப் பழைய ஆட்கள் இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார்கள். ஆனால் அந்தத் திட்டம் பல்கலைக்கழக மாணவர்களுக்கு மட்டும் என்று தொடங்கப்படவில்லை. அதன் இரண்டு கால்களில் ஒன்று தொழில்நுட்ப ஒத்துழைப்பு. பயிற்றுநர்களை வரவழைப்பது, கருவிகளைக் கொடுப்பது, இங்கிருந்து ஆட்களை அங்கே அனுப்பிப் பழக்குவது எல்லாம் அதற்குள் அடங்கும். 1973-இல் தொழில்நுட்பவியலாளர் கல்விக்கென்றே ஒரு பயிற்சிக் கல்லூரியையும் அந்தத் திட்டம் உருவாக்கியது. அது இன்று பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவில் இயங்குகிறது. தொழில் பழக்குகிற ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பதுதான் அதன் வேலை.

ஜேர்மனியும் அப்படித்தான் செய்தது. 1950களின் கடைசியில் அந்த நாட்டு உதவியோடு இலங்கையில் தொடங்கிய தொழிற்பயிற்சி நிறுவனம் மொரட்டுவையில் இன்றும் பேர் பெற்றது. யுத்தம் முடிந்தபின், 2016-இல் கிளிநொச்சி அறிவியல் நகரில் ஜேர்மன் நிதியில் இன்னொரு பயிற்சி நிறுவனம் திறக்கப்பட்டது.

அப்படியிருக்க, இடையில் என்ன நடந்தது? வெளிநாட்டுக் கல்வி ஒரு வியாபாரமாக மாறியது. அரசு அனுப்பின காலம் போய், குடும்பம் காசு கட்டி அனுப்பும் காலம் வந்தது. புலமைப்பரிசில் என்ற சொல் கொஞ்சம் கொஞ்சமாக முதுமாணி, கலாநிதி என்ற பக்கமாகச் சாய்ந்தது.

பட்டம் இருந்தால்தான் பணம்

இந்தியாவின் உதாரணம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மத்திய அரசின் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகை என்று ஒன்று இருக்கிறது. பட்டியல் சாதியினர், சீர்மரபினர், நாடோடிப் பழங்குடியினர், நிலமற்ற விவசாயக் கூலிகள், பாரம்பரியக் கைவினைஞர்கள் ஆகிய பிரிவுகளைச் சேர்ந்த பிள்ளைகளுக்கானது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் கல்விக் கட்டணம், வாழ்க்கைச் செலவு, விமானச் சீட்டு எல்லாம் அதில் அடங்கும். மிக நல்ல திட்டம். ஆனால் அது முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் மட்டும்தான்.

அதன் பொருள் என்ன? ஒரு தச்சரின் மகன் வெளிநாட்டில் சமூகவியலில் முதுகலை படிக்க அரசு காசு கொடுக்கும். அதே மகன் தகப்பனின் தொழிலையே எடுத்துக்கொண்டு, நவீன மர வேலையை வெளிநாட்டில் போய்ப் படிக்கிறேன் என்றால் அந்தத் திட்டத்தில் ஒரு ரூபாயும் இல்லை. "பாரம்பரியக் கைவினைஞர்" என்ற பிரிவு விண்ணப்பத்தில் இருக்கிறது. கைவினையைப் படிக்கத்தான் வழி இல்லை.

வங்கிக் கடனிலும் இதே கதைதான். தொழிற்பயிற்சிக்கென்று இந்தியாவில் திறன் கடன் திட்டம் 2015-இல் வந்தது. அதன் உச்ச வரம்பு ஒன்றரை லட்சம் ரூபாயாக இருந்தது. 2024-இல்தான் ஏழரை லட்சமாக உயர்த்தினார்கள். அதுவும் உள்நாட்டில் ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் போன்ற இடங்களில் நடக்கும் அங்கீகரிக்கப்பட்ட பயிற்சிகளுக்கானது. வெளிநாட்டுப் பட்டப் படிப்பு என்றால் கோடிக்கணக்கில் கூடக் கடன் பேசலாம். வெளிநாட்டுத் தொழிற்பயிற்சி என்று சொல்லிப் பாருங்கள், வங்கி முகாமையாளர் முதலில் "அது என்ன கோர்ஸ்?" என்றுதான் கேட்பார்.

விதிவிலக்கு இல்லாமல் இல்லை. ஜப்பான் அரசின் புலமைப்பரிசில்களில் பட்டப் படிப்புக்கு அப்பால் இரண்டு பிரிவுகள் இருக்கின்றன. ஒன்று தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்களுக்கு, மற்றது சிறப்புத் தொழிற்பயிற்சிக் கல்லூரி மாணவர்களுக்கு. முதல் வருடம் ஜப்பானிய மொழி, பிறகு தொழிற்கல்வி. கல்விக் கட்டணம், விமானச் செலவு, மாத உதவித்தொகை எல்லாம் ஜப்பான் அரசு தருகிறது. தூதரகத்தின் மூலம் விண்ணப்பிக்கலாம். ஊரில் உயர்தரமோ பன்னிரண்டாம் வகுப்போ முடித்துவிட்டுத் தொழில் பக்கம் போக நினைக்கிற மருமகன், மருமகள் யாரும் இருந்தால் இதை அவர்களுக்குச் சொல்லுங்கள். எங்கட ஆட்களுக்கு அதிகம் தெரியாத கதவு இது.

ஏஜென்சிக்குப் போகிற காசு

உண்மையைச் சொன்னால் எங்கட குடும்பங்கள் காசு செலவழிக்காமல் இல்லை. 2022 நெருக்கடிக்குப் பிறகு ஊரில் இருந்து கேட்கிற தொலைபேசிகள் எல்லாருக்கும் நினைவிருக்கும். காணியை ஈடு வைத்து, நகையை அடகு வைத்து, வெளிநாட்டில் இருக்கிற அண்ணனிடமும் சித்தியிடமும் வாங்கி ஒரு பெரிய தொகை சேர்க்கிறார்கள். அது ஏஜென்சிக்குப் போகிறது. அந்த ஏஜென்சி பெடியனை ஏதோ ஒரு கொலிஜில் ஏதோ ஒரு பிசினஸ் டிப்ளோமாவில் சேர்த்துவிடுகிறது. ஊரில் நாலு வருடம் வாகனம் திருத்தின பெடியன் அங்கே போய்ச் சந்தைப்படுத்தல் படிக்கிறான், இரவில் பெற்றோல் நிலையத்தில் நிற்கிறான்.

கனடாவில் இதன் விளைவை இப்போது பார்க்கிறோம். 2024 தொடக்கத்தில் கனடா மாணவர் அனுமதிகளுக்கு உச்ச வரம்பு வைத்தது. மாணவர் ஒருவர் வாழ்க்கைச் செலவுக்குக் காட்டவேண்டிய தொகை 10,000 டொலரில் இருந்து 20,635 டொலராக ஏறியது. பிறகு இன்னொரு மாற்றம் வந்தது. 2024 நவம்பர் 1-இல் இருந்து மாணவர் அனுமதிக்கு விண்ணப்பித்துக் கொலிஜில் டிப்ளோமா படிக்கிறவர்கள், படிப்பு முடிந்து வேலை அனுமதி பெறவேணும் என்றால் குறிப்பிட்ட துறைகளில் படித்திருக்கவேணும். அந்தத் துறைகளில் தச்சு, குழாய் வேலை, மின்னியல் போன்ற தொழில்கள் இருக்கின்றன. சும்மா ஒரு பிசினஸ் டிப்ளோமா இல்லை.

இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பெடியனின் கையில் ஊரிலேயே இருந்த தொழிலைத்தான் கனடா கேட்டது. அவனோ காணியை ஈடு வைத்து அந்தத் தொழிலை விட்டுவிட்டு வந்தான். பிழை அவனில் இல்லை. "படிப்பு என்றால் அலுவலகப் படிப்பு" என்று அவனுக்குச் சொன்னது நாங்களும் ஏஜென்சியும்தான்.

சட்டத்திலும் ஒரு ஓட்டை இருக்கிறது. இந்தியாவில் வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிற முகவர் 1983-ஆம் ஆண்டுக் குடியகல்வுச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்திருக்கவேணும். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் வரியும் என்று வரம்பு உண்டு. ஆனால் "மாணவர்" என்ற பெயரில் அனுப்பினால் அந்தச் சட்டம் பிடிக்காது. அதனால்தான் வேலைக்குப் போகவேண்டியவனையும் மாணவனாக்கி அனுப்புகிற வியாபாரம் இவ்வளவு செழிக்கிறது.

ஜேர்மனி: கட்டணம் இல்லை, சம்பளம் உண்டு, ஆனால்...

தொழில் தெரிந்தவருக்குக் காசு எப்படிக் கிடைக்கிறது என்பதற்கு மிகத் தெளிவான உதாரணம் ஜேர்மனி. அங்கே தொழிற்கல்விக்கு "அவுஸ்பில்டுங்" என்று பெயர். அங்கே வாழ்கிற எங்கட ஆட்களுக்கு இந்தச் சொல்லை விளக்கத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வாரத்தில் சில நாள் ஒரு கம்பனியில் வேலை பழகவேணும், மற்ற நாட்களில் தொழிற்பாடசாலைக்குப் போகவேணும். தொழிலைப் பொறுத்து இரண்டில் இருந்து மூன்றரை வருடம் வரை. அரசுத் தொழிற்பாடசாலைக்குக் கட்டணம் இல்லை. அதற்கு மேல், கம்பனி மாதாமாதம் சம்பளம் தரும்.

அந்தச் சம்பளத்துக்குச் சட்டத்தில் குறைந்தபட்ச அளவு இருக்கிறது. 2025-இல் பயிற்சி தொடங்கியவருக்கு முதல் வருடம் மாதம் 682 யூரோ, இரண்டாம் வருடம் 805, மூன்றாம் வருடம் 921, நாலாம் வருடம் 955. தொழிற்சங்க ஒப்பந்தம் உள்ள துறைகளில் இதைவிடக் கூடவே கொடுக்கிறார்கள். படிப்பு முடிந்து அந்தத் தொழிலில் வேலை எடுத்தால் வதிவிட அனுமதி கிடைக்கும். ஜேர்மனியிலேயே தொழிற்பயிற்சி முடித்தவர், மற்ற நிபந்தனைகளும் சரியாக இருந்தால், இரண்டு வருட வேலைக்குப் பிறகு நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கலாம்.

அதோடு நின்றுவிடவும் தேவையில்லை. தொழிலில் மேலே போக விரும்புகிறவர் "மைஸ்டர்" படிக்கலாம். ஜேர்மன் தகுதிச் சட்டகத்தில் மைஸ்டரும் இளமாணிப் பட்டமும் ஒரே படியில், ஆறாம் படியில், இருக்கின்றன. மைஸ்டர் படிப்புக்கு அரசு உதவி உண்டு. பாடநெறி, பரீட்சைக் கட்டணங்களுக்கு 15,000 யூரோ வரை. அதில் பாதி இலவசம், பாதி குறைந்த வட்டிக் கடன். பரீட்சையில் சித்தியடைந்தால் அந்தக் கடனிலும் பாதியைத் தள்ளுபடி செய்கிறார்கள். "பட்டம் இல்லாத பிள்ளைக்கு எதிர்காலம் இல்லை" என்று சொல்கிறவர்கள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் பார்க்கவேணும்.

ஏற்கெனவே ஊரில் தொழில் படித்தவருக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. 2012-இல் வந்த அங்கீகாரச் சட்டத்தின்படி வெளிநாட்டுத் தொழிற்தகுதியை ஜேர்மன் தகுதியோடு ஒப்பிட்டுப் பார்க்கும்படி கேட்கலாம். கைத்தொழில், வர்த்தகத் துறைத் தொழில்கள் பெரும்பாலானவற்றுக்கு நியூரெம்பேர்க்கில் ஒரு பொது அலுவலகம் இருக்கிறது. கைவினைத் தொழில்களுக்கு அந்தந்தப் பகுதியின் கைவினைஞர் சபை. கட்டணம் பொதுவாக 100-இல் இருந்து 600 யூரோ வரை. 2024 மார்ச்சில் இருந்து, முழு அங்கீகாரம் கிடைக்கும் முன்னமே வேலை ஒப்பந்தத்தோடு வந்து, இங்கே வேலை செய்துகொண்டு மிச்சப் படிப்பை முடிக்கிற வழியும் வந்திருக்கிறது. அதற்கு ஊரில் அரசு அங்கீகரித்த, குறைந்தது இரண்டு வருடப் பயிற்சி இருக்கவேணும். டொச் மொழி ஏ2 நிலை வேணும். இங்கே ஒரு சிறு விஷயத்தைக் கவனியுங்கள். தமிழ்நாட்டு ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரீஷியன், ஃபிட்டர் பயிற்சிகள் இரண்டு வருடம், வெல்டர் ஒரு வருடம். அந்த ஒரு வருட வித்தியாசத்தில் ஒருவனுடைய கதவு திறக்கலாம், அடைபடலாம். இலங்கைச் சான்றிதழ் வைத்திருப்பவர்களும் முதலில் பயிற்சிக் காலத்தைத்தான் பார்க்கவேணும்.

சரி, இவ்வளவும் இருந்தால் பிரச்சினை எங்கே? ஜேர்மனியில் கால் வைத்த பிறகு காசு இருக்கிறது. கால் வைக்கும் வரைக்கும்தான் ஒன்றுமில்லை. நான் முதலில் சொன்ன இடைவெளி இதுதான்.

அவுஸ்பில்டுங் எடுக்கப் பொதுவாக டொச் பி1 நிலை வேணும். பூச்சியத்தில் இருந்து அந்த நிலைக்கு வர நூற்றுக்கணக்கான மணித்தியால வகுப்பு தேவை. அந்தக் காலத்தில் பெடியன் முழுநேர வேலைக்குப் போகமுடியாது. வகுப்புக் கட்டணம், பரீட்சைக் கட்டணம், சான்றிதழ்களை மொழிபெயர்க்கிற செலவு, அங்கீகாரக் கட்டணம், வீசா, விமானச் சீட்டு, வந்து இறங்கி முதல் மாதச் சம்பளம் வரும் வரைக்கும் வாடகை. அதற்கு மேல், பயிற்சிச் சம்பளம் வாழ்க்கைச் செலவுக்குக் காணாது என்று தூதரகம் கருதினால் மிச்சத்துக்கும் காசு காட்டவேணும். இந்தச் செலவுகளுக்கு ஊரில் வங்கியும் இல்லை, அரசும் இல்லை. அந்த இடத்தில்தான் ஏஜென்சிக்காரர் வந்து நிற்கிறார்.

இங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கு

இதுவரை ஊரில் இருக்கிறவர்களைப் பற்றிப் பேசினோம். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். சுவிஸிலும் ஜேர்மனியிலும் எங்கட பிள்ளைகள் பலர் தொழிற்பயிற்சி எடுத்து நன்றாக வேலை செய்கிறார்கள். ஆனால் கலியாண வீட்டில் யாராவது "பிள்ளை என்ன படிக்குது?" என்று கேட்டால் தாய் தகப்பனின் குரல் கொஞ்சம் இறங்குகிறது. நான் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளையும் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறது.

பல்கலைக்கழக மாணவர்கள் ஒரு பருவம் பார்சலோனாவிலோ ஸ்டொக்ஹோமிலோ போய்ப் படிப்பதை எல்லாரும் அறிவோம். அதே ஐரோப்பியத் திட்டம், எராஸ்முஸ் பிளஸ், தொழிற்பயிற்சி எடுப்பவர்களுக்கும் காசு கொடுக்கிறது. குறுகிய பயணம் என்றால் 10-இல் இருந்து 89 நாள் வரை, நீண்ட பயணம் என்றால் 90 நாளில் இருந்து ஒரு வருடம் வரை. பயிற்சி முடித்து 12 மாதத்துக்குள் இருப்பவர்களும் போகலாம். ஒரு பாரிஸ் வெதுப்பகப் பிள்ளை இத்தாலியில் மூன்று மாதம் வேலை பழகலாம். ஒஸ்லோவில் மின்னியல் பழகும் பிள்ளை ஜேர்மனியில் ஒரு கம்பனியில் நிற்கலாம், நோர்வேயும் அந்தத் திட்டத்தில் சேர்ந்ததுதான்.

ஒரு விஷயம் முக்கியம். இதற்கு மாணவர் தனியாக விண்ணப்பிக்க முடியாது. பாடசாலையோ கம்பனியோ சபையோதான் விண்ணப்பிக்கவேணும். ஆகவே பிள்ளை வாய் திறந்து கேட்டால்தான் நடக்கும். "எங்கட பாடசாலையில் எராஸ்முஸ் இருக்கா? யார் பொறுப்பு?" என்று ஆசிரியரிடம் ஒரு கேள்வி போதும்.

ஐரோப்பாவுக்கு வெளியே போக ஜேர்மனியில் "அவுஸ்பில்டுங் வெல்ட்வைட்" என்ற அரசுத் திட்டம் இருக்கிறது. பயிற்சிக் காலத்தின் ஒரு பகுதியை உலகில் வேறு எங்காவது ஒரு கம்பனியில் செய்ய அது உதவுகிறது. பிரித்தானியாவில் 2021 முதல் டூரிங் திட்டம் தொழிற்கல்லூரி மாணவர்களையும் சேர்த்தே தொடங்கப்பட்டது. சுவிஸில் மொவெத்தியா என்ற பரிமாற்ற நிறுவனம் தொழிற்பயிற்சியாளர்களின் வெளிநாட்டுப் பயணத்துக்கு ஆதரவு தருகிறது.

தொழிலில் பல வருடம் ஊறியவர்களுக்கும் வழி இருக்கிறது. அவுஸ்திரேலியாவிலும் பிரித்தானியாவிலும் வின்ஸ்டன் சர்ச்சில் பெயரில் 1965-இல் தொடங்கிய ஆய்வுப் பயண நிதி இன்றைக்கும் நடக்கிறது. ஒருவர் தன் துறையில் வெளிநாட்டில் சில வாரங்கள் போய்ப் பார்த்துப் படித்துவர அது காசு கொடுக்கும். அதற்குப் பட்டம் எதுவும் கேட்பதில்லை. என்ன பார்க்கப் போகிறீர்கள், திரும்பி வந்து அதை யாருக்குப் பயன்படுத்துவீர்கள் என்பதுதான் கேள்வி. பிரித்தானியாவில் கைவினைஞர்களுக்கென்று 1990-இல் தொடங்கிய எலிசபெத் மகாராணி புலமைப்பரிசில் நிதியம் இன்னொன்று. தங்க வேலை, மர வேலை, தையல் என்று எத்தனையோ கைவினைகளுக்கு அது உதவுகிறது. எங்கட ஆட்களிலே எத்தனை நகைத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள், எத்தனை பேர் இதற்கு விண்ணப்பித்திருப்போம் என்று யோசித்துப் பாருங்கள்.

சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள்

இனி வேலை எங்கட பக்கம். புதிதாக ஒரு பெரிய அமைப்பு தேவையில்லை. இருக்கிற சங்கங்கள், இருக்கிற காசில் ஒரு பகுதியைத் தொழிற்கல்விக்கு ஒதுக்கினால் போதும். என் யோசனை ஒரு சுழல் நிதி. இலவசமாகக் கொடுத்துவிட்டு மறப்பதற்கில்லை, ஏஜென்சி போல வட்டி வாங்குவதற்கும் இல்லை. மொழி வகுப்பு, பரீட்சை, மொழிபெயர்ப்பு, அங்கீகாரம், விமானச் சீட்டு ஆகியவற்றுக்கு முன்கூட்டியே காசு கொடுப்பது. பிள்ளை வந்து பயிற்சி முடித்து, முழுச் சம்பளம் எடுக்கத் தொடங்கிய பிறகு சிறு தவணைகளாகத் திருப்பித் தருவது. அந்தக் காசில் அடுத்த பிள்ளை வரும்.

கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். ஒருவருக்கு 3,000 யூரோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 குடும்பங்கள் மாதம் 50 யூரோ போட்டால் வருடத்துக்கு 30,000 யூரோ. பத்துப் பேர். அந்தப் பத்துப் பேரும் திருப்பித் தரத் தொடங்கினால் நிதி தானாகவே வளரும். ஒரு இராப்போசன விருந்தின் மண்டப வாடகையையும் டி.ஜே.யையும் கொஞ்சம் குறைத்தாலே தொடங்கிவிடலாம்.

காசைவிடப் பெறுமதியான ஒன்றும் எங்களிடம் இருக்கிறது. அதுதான் தகவல். ஜேர்மனியில் இருக்கிற ஒரு சங்க உறுப்பினர் பெடியனின் பயிற்சி ஒப்பந்தத்தை வாசித்துப் பார்க்கலாம். உண்மையான ஒப்பந்தம் என்றால் அதைத் தொழிற்சபையில் பதிவு செய்யவேணும், ஒரு தொலைபேசியில் விசாரிக்கலாம். பயிற்சி இடத்துக்குக் காசு கேட்கிற கம்பனி என்றால் அங்கேயே நிறுத்திவிடலாம், ஏனென்றால் கம்பனிதான் பிள்ளைக்குக் காசு கொடுக்கவேணும். பயிற்சி இடங்களின் பட்டியல் ஜேர்மன் தொழில் அலுவலகத்தின் இணையத்தளத்தில் இலவசமாகவே இருக்கிறது. அதைத் தேடித் தர ஏஜென்சிக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கத் தேவையில்லை.

ஒரு எச்சரிக்கையும் சொல்லவேணும். ஜேர்மனியில் இருக்கிற உறவினர் ஒருவர் "இவரின் செலவுக்கு நான் பொறுப்பு" என்று வெளிநாட்டவர் அலுவலகத்தில் கையெழுத்துப் போடலாம். ஆனால் அந்தக் கையெழுத்து சட்டப்படி 5 வருடம் வரை பிடிக்கும். அரசு உதவிப் பணம் ஏதும் பெடியனுக்குப் போனால் அதைக் கையெழுத்துப் போட்டவரிடம் கேட்பார்கள். அன்பில் அவசரப்பட்டுக் கையெழுத்து வைக்காமல், தெரிந்தவரிடம் கேட்டுவிட்டு வையுங்கள்.

"ஊரில் இருக்கிற தொழிலாளியையும் இழுத்துக்கொண்டு வந்தால் ஊர் என்ன செய்வது?" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. வடக்கிலே நல்ல மின்னியலாளர் ஒருவரைப் பிடிக்க எவ்வளவு அலையவேணும் என்று வீடு கட்டியவர்களுக்குத் தெரியும். ஆனால் போகிறவர்கள் எப்படியும் போகத்தான் போகிறார்கள். காணி போய், கடனோடு, தனக்குச் சம்பந்தமில்லாத டிப்ளோமாவுக்குப் போகிறார்களா, அல்லது கையில் இருக்கிற தொழிலை இன்னும் பெரிதாக்கப் போகிறார்களா என்பதுதான் எங்கள் கையில் இருக்கிறது. அதோடு நிதியின் ஒரு பங்கை ஊரிலேயே தொழில் பழக்குகிற பயிற்றுநர்களுக்கு ஒதுக்கலாம். ஒரு பயிற்றுநர் இரண்டு மூன்று மாதம் வெளிநாட்டுப் பட்டறையில் நின்று, சூரிய மின்கலத் தொகுதியோ மின்சார வாகனமோ பழகித் திரும்பினால் அவரிடம் வருடத்துக்கு ஒரு வகுப்பே படிக்கும். கொழும்புத் திட்டம் செய்ததும் இதைத்தான்.

எண்பதுகளில் வந்த எங்கட தலைமுறையில் எத்தனையோ பேர் ஊரில் மெக்கானிக்காக, கடைசல்காரராக, வரைஞராக இருந்தவர்கள். அவர்கள் வந்தபோது அகதி அட்டையோடு உணவகத்தில் கோப்பை கழுவினார்கள். அவர்களின் தொழிலை யாரும் கேட்கவும் இல்லை, அங்கீகரிக்க அப்போது இப்படியொரு சட்டமும் இல்லை. அவர்களில் பலருடைய கை வேலை முப்பது வருடம் சும்மா கிடந்து போனது. இன்றைக்குச் சட்டம் இருக்கிறது, சம்பளம் இருக்கிறது, ஆள் தேவை இருக்கிறது. அடுத்த சங்கக் கூட்ட நிகழ்ச்சி நிரலில் "தொழிற்கல்வி நிதி" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லி இந்தக் கிழமையே செயலாளருக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். மிச்சத்தைக் கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம்.